பச்சைப் புள்ளி விழும் இடம்

புதுப் படகு இறக்கிய காலையில் கரையில் இருந்தவர்கள்: அப்பா இளையபெருமாள், அம்மா அஞ்சுகம், அண்ணன் கண்ணையன், அண்ணி பூங்கொடி, படகில் வேலைக்குச் சேர்ந்த முத்தையன், பக்கத்து வீட்டுச் சந்திரா. நானும் இருந்தேன். படம் எடுப்பவன் படத்தில் வருவதில்லை.

இறந்தவர்கள் பட்டியல் எழுத வந்த நீங்கள், அலை வந்தபோது அண்ணி எங்கே இருந்தார் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல இந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேமரா உள்ள அந்த போன் என் கூட்டாளி ஆபித் துபாயிலிருந்து எனக்குக் கொண்டுவந்தது. அப்போது கருக்களாச்சேரியில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. போனைத் தூக்கிப் பிடித்ததும், "இவன் எடுத்தா பாதிப் படம்தான் வரும்" என்றார் அப்பா.

"தல இருக்குற பாதியா எடு தம்பி. பொண்ணு வீட்டுக்குக் காட்டணும்" என்றான் முத்தையன். எல்லோரும் சிரித்தார்கள். படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சூரியன் அவர்களுக்குப் பின்னால், கடலுக்கு மேல் இருந்தது. அதனால் படத்தில் அண்ணியின் நெஞ்சில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்திருந்தது. அவர் சேலையின் ஓரம் முழுக்க ஊதா நிறத்தில் கோடு. "என்னடா இது, பூங்கொடி மேல பச்சையா என்னமோ நிக்குது" என்றாள் சந்திரா. கேமராக் கோளாறு என்றேன். அன்று நான் சொன்னது உண்மை.

ஐஸ் கம்பெனி முற்றத்தில் பெரிய விளக்கு ஒன்று உண்டு. அதை வைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் படத்தின் ஒரு மூலையில் இருந்தால் புள்ளி நேர் எதிர் மூலையில் விழும். கையை லேசாகத் திருப்பினால் புள்ளி நகரும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். கருப்பும் வெளுப்பும் சேரும் ஓரங்களில் ஊதா தானாக வரும். ஐஸ் பாளத்தின் மேல் நிறுத்தினேன், நாயின் மேல் நிறுத்தினேன். அப்போது அது வெறும் பொழுதுபோக்கு.

போனில் அண்ணியின் வேறு படங்களும் இருந்தன. தவறாக ஒன்றுமில்லை. அவர் மதியம் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரு நாள் போனை எடுத்துப் பார்த்துவிட்டார். கத்தவில்லை. "உங்க அண்ணன் கரைக்கு வரட்டும் தம்பி. சொல்லத்தான் போறேன்" என்று மட்டும் சொன்னார். நான் படங்களை அழித்தேன். ஆனாலும் அவர் சொல்வார். நான் எங்கே போவது? அந்த வீட்டை விட்டால் எனக்கு ஐஸ் கம்பெனிதான்.

அன்று மாலை அண்ணன் முத்தையனின் உடலோடு கரைக்கு வந்தார். வலைக்கயிற்றில் கால் சிக்கி விழுந்தவன். அழுகையெல்லாம் அடங்கிய பிறகு அம்மாதான் கேட்டாள்: "அந்தப் பச்ச விழுந்த படத்த காட்டுடா."

காட்டினேன். பொய் எதுவும் சொல்லவில்லை. கேமராக் கோளாறு என்று இரண்டாவது முறை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"திரும்ப எடுத்துப் பாரு" என்றாள் அம்மா. வாசல் விளக்குக்குக் கீழே எல்லோரையும் ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தேன். அண்ணி மேல் மட்டும் பச்சை விழுந்தது. இன்னொரு முறை எடுத்தேன். அப்போதும் அவர் மேல்தான்.

பூசாரி வந்தார். ஒரு மண்டலம் இந்தப் பெண் கடலைப் பார்க்கக் கூடாது, வலையைத் தொடக் கூடாது என்றார். வலை வைக்கும் அறையைக் காலி செய்து அண்ணியை உள்ளே விட்டார்கள். இரும்புக் கதவு, தெருப் பக்கம் கம்பி வைத்த ஒரு ஜன்னல். அண்ணி அந்த ஜன்னல் வழியாக என் படங்களைப் பற்றி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அம்மாவைப் பார்த்தார்.

"அவ பேசலடா, அது பேசுது" என்றாள் அம்மா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் சாவி என்னிடம் வந்தது. சோறு கொடுத்தேன். காலையில் குழாயடிக்குப் போகத் திறந்துவிட்டேன். கதவுக்கு வெளியே கட்டில் போட்டுத்தான் தூங்கினேன். ஒரு நாளும் தொட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அண்ணனும் கடலுக்குள் இருந்தார்கள். அம்மா மீன்கூடையோடு காரைக்காலுக்குக் கிளம்பினாள். போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனது என் தவறு. கண் விழித்துக் கதவைத் திறந்தபோது அது அண்ணியின் கையில் இருந்தது. தெருவில் கூடையைத் தலைக்கு ஏற்றும் அம்மாவை வெயிலுக்கு எதிரே எடுத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

"உங்கம்மா நெஞ்சுலயும் பச்சை நிக்குது, பாருங்க தம்பி" என்றார். சிரித்தார். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "அத்தை வரட்டும். அவங்களையும் இங்க அடைக்கட்டும்."

அப்போதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது. சந்திரா அவிழ்ந்த தலையோடு ஓடி வந்தாள். "கடல் உள்ள வருது! ஓடுங்க, ஓடுங்க!" நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் தெருவே ஓடியது. எல்லாருக்கும் பின்னால், வீடுகளுக்கு நடுவில், கறுப்பாக ஒன்று தெரிந்தது.

அண்ணியும் ஓடத் திரும்பினார். போன் அவர் கையில் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். தொட்டதில்லை என்று சொன்னேன், அது இந்த ஒரு முறை தவிர. போனை வாங்கிக்கொண்டேன்.

"தம்பி, தண்ணி வருது" என்றார். பயமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதோ என்று நினைத்துச் சொன்னதுபோல இருந்தது.

"மண்டலம் முடியல அண்ணி" என்றேன்.

அவருடைய பெயரைக் கடல் கொண்டுபோனவர்களோடு சேர்த்திருக்கிறீர்கள். கடல்தான் கொண்டுபோனது, அதில் பிழையில்லை. போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவின் படம் நன்றாகவே வந்திருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, அண்ணி எடுத்த ஒரே படம்.

எதையும் முழுசாகச் செய்ய மாட்டேன் என்று அப்பா இப்போதும் சொல்கிறார். அவர் அன்று பார்த்திருக்க வேண்டும். அண்ணியை உள்ளே தள்ளினேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன். தண்ணீர் தெருவில் பாதி தூரம் வந்துவிட்டது. அப்போதும் ஓடுவதற்கு முன்னால் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். சரியாகப் பூட்டியிருந்தது.