இரண்டு ஓட்டை உள்ள கார்டு

மனித குலத்தின் பெரிய அழிவுகள் எல்லாம் அவசரத்தில் எடுத்த முடிவுகளால் வந்தவை. எல்லாப் பக்கமும் ஆராய்ந்து நிதானமாக முடிவெடுக்கிறவன் இருக்கும் வீட்டுக்குள் தீங்கு நுழையாது. இது என் வாழ்நாள் கொள்கை. இந்தக் கொள்கைப்படி நான் கடைசியாக எடுத்த முடிவு, மருமகளின் வீடியோ கேமுக்கு எந்த கேப்சர் கார்டு வாங்குவது என்பது.

நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். முதல் என்றால் அதுதான் முதல்.

என் பெயர் சடகோபன். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணி நிறைவு விழாவில் என்னை அலுவலகத்தின் தூண் என்று பேசினார்கள். சால்வை போர்த்தினார்கள். மறுவாரம் இன்னொருவர் ஓய்வு பெற்றதால், அந்தச் சால்வையைக் கொஞ்சம் தர முடியுமா என்று வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அலுவலகம் தூண் இல்லாமலே நின்றுகொண்டிருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

மனைவி அன்னம்மாள் காலமாகிவிட்டாள். வீட்டில் நான், மகன் வெங்கடேசன், மருமகள் ஷாலினி. வெங்கடேசன் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவான். ஷாலினி ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து கேம் ஆடுவாள். ஆடுவதை நேரலையில் ஊருக்கே காட்டுவாள். அவளுக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அந்த ஊர்ப் பேச்சிலேயே, "ஐயய்யோ, பின்னாடி ஒருத்தன் துப்பாக்கியோட வந்துகினு இருக்கான் பாரு" என்று கத்துவாள். அதைக் கேட்க ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். நான் நல்ல தமிழ் பேசுகிறவன். நான் பேசினால் எதிரில் இருப்பவர் வாட்ச்சைப் பார்ப்பார்.

ஆரம்பத்தில் டிவிக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தி வைத்துப் படம் பிடித்தாள். படம் ஆடியது. கேப்சர் கார்டு வேண்டும் என்று வெங்கடேசனிடம் கேட்டாள். அவன், "நைனாவ கேளு, அவரு எல்லாத்தையும் படிச்சிப் பாத்து சொல்லுவாரு" என்றான். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகிற படத்தை வழியில் பிடித்து, கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரதி அனுப்புகிற சிறிய பெட்டிதான் கேப்சர் கார்டு. அசல் டிவிக்கு, நகல் ஊருக்கு. ஷாலினி கட்டைவிரல் அளவில் ஒன்றைக் காட்டி, இது போதும் மாமா என்றாள். அதில் படம் தாமதித்து வரும். எதிரி சுட்டு முடித்த பிறகுதான் எதிரி வருவதே தெரியும். நான் அதை நிராகரித்தேன். பல நாட்கள் படித்தேன். பிறகு அவளை அழைத்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், இரண்டு ஓட்டை உள்ள கார்டைத் தேர்ந்தெடுத்தேன்.

"எதுக்கு மாமா ரெண்டு ஓட்டை? ஒரு கேம் பெட்டிதான இருக்குது?"

"நம் டிவியில் ஒரு ஓட்டைதானே வேலை செய்கிறது? என் குச்சியை எங்கே செருகுவது?"

குச்சி என்பது கைப்பேசியில் தெரிவதை டிவியில் பெரிதாகக் காட்டும் சாதனம். கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு எனக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. ராசிபலன், ஆடிக்கிருத்திகைக் காவடி எல்லாம் டிவியில்தான் பார்ப்பேன்.

"ரெண்டையும் போட்டுக்கலாம் சார்," என்றார் கடைக்காரர். "எந்த ஓட்டைல புதுசா சிக்னல் வருதோ, தானாவே அதுக்கு மாறிக்கும்."

புதிதாக வந்தவனை உடனே கவனிக்கும் ஏற்பாட்டை நான் அதுவரை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. ஒப்புதல் அளித்தேன்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஷாலினி நேரலையில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கார்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று சொல்லவில்லை. மறதியாக இருக்கலாம். நானே நினைவூட்டலாம் என்று 'தணிகைவேந்தன்' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கைப்பேசியில் எழுத்து அடிக்கத் தெரியாது என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது. பால்காரருக்குச் செய்தி அனுப்புவதென்றாலும் ஷாலினியிடம்தான் கொடுப்பேன். ஒருவர் நமக்காக உட்கார்ந்து எழுதுவது ஒரு மரியாதை. அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

தணிகைவேந்தன் முதலில் பாராட்டித்தான் எழுதினார். படத்தின் தெளிவு அற்புதம், தேர்ந்தெடுத்தவர் யாரோ மேதை என்று எழுதினார். ஷாலினி படிக்கவில்லை. பாராட்டு நிறைய வருகிறது, அதில் அடிபட்டுப்போனது. ஒரு நாள், இடது பக்கம் பார்க்காமலே ஓடுகிறாய், இது அஜாக்கிரதை என்று எழுதினேன்.

"தணிகைவேந்தன் அண்ணா சொல்றாரு, நான் லெப்ட்டுல பாக்கறதே இல்லியாம். ஆங், கரெக்டுதான் அண்ணா, கழுத்து சுளுக்கிகினு இருக்குது." சிரித்தாள்.

நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாலில் அவள் சொல்வது நேராகவும் காதில் விழுந்தது, சற்றுத் தாமதித்துக் கைப்பேசியிலும் விழுந்தது. ஒரே வாக்கியம், ஆனால் இரண்டு தடவை என் பெயர்.

அன்றிலிருந்து நான் குறைகளை மட்டும் எழுதினேன். அக்கறையில்தான் எழுதினேன். குறை சொல்வதற்குக் கேமில் விஷயம் தீர்ந்துபோனபோது, அவள் உட்காரும் விதம், சிரிப்பு, குடும்பப் பெண் கத்துவது பற்றியெல்லாம் எழுதினேன். ஷாலினி என் கணக்கைத் தடை செய்தாள். மனு தள்ளுபடியானால் புது மனு போட விதியில் இடம் உண்டு. தணிகைவேந்தன் இரண்டு வந்தார், பிறகு மூன்று. தடை செய்து பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

"மாமா, ஒருத்தன் விடாம என்னைத் திட்டிகினே இருக்கான். ஆட்டமே ஓடமாட்டேங்குது," என்று என்னிடம் வந்து அழுதாள். ஆறுதல் சொன்னேன். போலீசுக்கு ஒரு புகார் மனுவும் எழுதிக் கொடுத்தேன், என் வாயால் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். அந்த ஆளை 'சமூகத்தின் புல்லுருவி' என்று குறிப்பிடச் சொன்னேன். நல்ல மனு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

பிறகு அவள், "அவர விடுங்கப்பா, அவரு அப்படித்தான்" என்று பெயர் சொல்லாமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டாள். பெயரே இல்லாமல் 'அவர்'. அப்போது நான் கரு கலைந்த விஷயத்தை எழுதினேன்.

சென்ற வருடம் ஷாலினிக்கு மூன்றாம் மாதத்தில் கரு தங்காமல் போயிற்று. அது வெங்கடேசனுக்கும் எனக்கும் அவள் அக்கா அனுசுயாவுக்கும் மட்டும் தெரியும். தாய் தகப்பனுக்குக்கூடச் சொல்லவில்லை. நாள் பூராவும் இப்படி உட்கார்ந்து ஆடினால் வயிற்றில் எப்படித் தங்கும் என்று ஒரு வரிதான் எழுதினேன். ஷாலினி அதைப் படித்தாள். சத்தமாகப் படிக்கவில்லை, நேரலையின் மூலையில் தெரிந்த அவள் முகத்தில் உதடு மட்டும் அசைந்தது. கேமில் அவள் ஆள் நின்ற இடத்திலேயே நின்று சுடப்பட்டான். எவ்வளவோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் நெடுநேரம் தணிகைவேந்தனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு, யார் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தது. வெங்கடேசன் இல்லை. நான் எழுத்து அடிக்கத் தெரியாதவன். மிச்சம் அனுசுயா.

அனுசுயா பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே லுங்கித் தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் பழகியதால் எப்போதும் உரக்கப் பேசுவாள். வாரத்துக்கு ஒரு தடவை தங்கைக்கு ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். "மாமா, உங்களுக்குத் தனியா காரம் கம்மியா வச்சிருக்கேன்" என்பாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"என் தங்கச்சி வயித்து விஷயத்த நான் போயி ஊருக்கு சொல்லுவனா? இன்னாடி நெனச்சிகினு இருக்க என்னை?" என்று அனுசுயா கேட்டாள். ஷாலினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடும்பத்தில் பெரியவன் நான் ஒருவன்தான். இருவரையும் முருகன் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனேன். படியோரமாகக் கற்பூரம் ஏற்றி வைத்தேன். அனுசுயா உள்ளங்கையால் அதை அணைத்து, நான் சொல்லவில்லை, முருகன் மேல் சத்தியம் என்றாள். கை கொப்பளித்தது. நான்தான் விபூதி போட்டுவிட்டேன்.

இறங்கி வரும்போது ஷாலினி, "அக்கா நெஜமாத்தான் சொல்லுதா மாமா?" என்று கேட்டாள். "சர்வீசில் நான் சத்தியம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் அம்மா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் யாரைப் பற்றியும் குற்றச்சாட்டு இல்லை.

ஷாலினி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினாள். அனுசுயா அதற்குப் பிறகும் வந்தாள். ஷாலினி கதவைத் திறக்கவில்லை. கொண்டுவந்த பாத்திரத்தை அனுசுயா வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கற்பூரம் அணைத்த விஷயம் பொதட்டூர்பேட்டையில் தறிக்குத் தறி பரவியது. பொய் சத்தியம் பண்ணினவள் என்று பேசினார்கள். ஆவணி மாதம் ஒரு காலையில் அனுசுயா உயிரோடு இல்லை என்று செய்தி வந்தது. அவளாகத் தேடிக்கொண்ட சாவு. நான் மாலையோடு போனேன். வலது உள்ளங்கையில் வடு இருந்தது.

உண்மையை அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்வதால் போனவள் திரும்பி வரப் போவதில்லை. துக்க வீட்டில் புதிதாக ஒரு குழப்பம் எதற்கு.

காரியம் எல்லாம் முடிந்து, கொஞ்சம் மனசு மாறும் என்று வெங்கடேசன் வற்புறுத்தியதால், ஷாலினி மறுபடி நேரலைக்கு உட்கார்ந்தாள். "இனிமே கமெண்ட்டு படிக்கமாட்டேங்க. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. நான் சும்மா ஆடறேன், நீங்க கூட இருங்க, போதும்," என்றாள்.

யாருடையதையும் படிக்கமாட்டாளாம். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. படித்தே தீரும்படியாக ஒன்று எழுத வேண்டியிருந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட நேரம், எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ராசிபலன் பார்க்கும் பழக்கத்தில் விரல் தானாகவே டிவியில் காட்டும் குறியைத் தொட்டுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. எழுதினேன்: உன் அக்கா செய்தது உண்மைச் சத்தியம். அது எனக்குத் தெரியும். நம்பாமல் அவளைச் சாகடித்தவள் நீ.

ஹாலில் கேம் சத்தம் நின்றது. கவனிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அனுப்பினேன்.

எவ்வளவு நல்ல கார்டு வாங்கினாலும் இணையத்தில் ஏற்படும் தாமதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, மேடம். என் கைப்பேசியில் கேம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது மறைந்து, அந்த இடத்தில் ஒரு கைப்பேசித் திரை வந்தது. மேலே தணிகைவேந்தன் என்று பெயர். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. உன், அக்கா, செய்தது. என்னைப் போலவே சிந்திக்கிற ஒருவர் இருக்கிறாரே என்று அந்தக் கணத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மாமா," என்று ஹாலிலிருந்து ஷாலினி கூப்பிட்டாள். டீ வைத்திருக்கிறேன் என்று சொல்லும் அதே குரல். "டிவில உங்க போன் தெரியுதுங்க."

எழுந்து போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அடிக்க அடிக்க எழுத்துகள் ஒவ்வொன்றாக டிவியில் விழுந்ததைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேரும் பார்த்திருக்கிறார்கள்.

வெங்கடேசன் பாதி நாளில் ரயில் பிடித்து வந்தான். "நைனா, இன்னா நைனா இது?" என்று ஒரு தடவைதான் கேட்டான். ஷாலினியை அழைத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறிவிட்டான். அக்கா வீட்டு வாசலில் அவள் விழுந்து கிடக்கிறாள், எழுப்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். புகார் கொடுத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தணிகைவேந்தன் நான். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் நான். அனுசுயா சொல்லவில்லை என்று தெரிந்தே கற்பூரம் ஏற்றினேன். அவள் சாவுக்குக் காரணம் நான். கையெழுத்து போடுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் எடுத்து வந்த கம்ப்யூட்டரில் கடைசியாக ஒரு நேரலை பதிவாகி இருக்கும். அது ஷாலினி ஆடியது அல்ல. அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு என் கணக்கில் நான் ஆடியது. முதல் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. பார்ப்பவர் ஒருவர் என்று காட்டியது. அவருக்கு வணக்கம் சொல்லி, கார்டை நான் தேர்ந்தெடுத்த விதத்தை விளக்கி, உங்கள் பெயர் சொன்னால் படிக்கிறேன் என்று பல தடவை கேட்டுக்கொண்டேன்.

அந்த ஒருவர், உள்ளறைக் கட்டிலில் நேரலை திறந்தபடி கிடந்த என் கைப்பேசி.