முதல் வரிசையில் ஆளில்லாத நாற்காலி

என் பெயர் ஃபினா யோரெத். வயது அறுபத்து நான்கு. கணவர் பெயர் சீமோ. போர்ட் சான் எலோய் ஊரில், கடலைப் பார்த்த தெருவில், மீன் ஏலக் கூடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். கோடைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். போன மாதம் எங்கள் கடற்கரையில் காணாமல் போன எலாதியோ என்ற வெளியூர்க்காரர் சம்பந்தமாக இதே போலீஸ் நிலையத்தில் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். யாரும் எதையும் கவனிக்கவில்லை என்று அதில் சொல்லியிருந்தேன். அது தப்பு. அதைத் திருத்திச் சொல்ல, யாரும் கூப்பிடாமல், நானாகவே வந்திருக்கிறேன். என் கணவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், வெளி வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறேன். இந்த நிலையத்தை மேட்டில் கட்டியவன் நன்றாக இருக்க மாட்டான். சார்ஜென்ட் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

என் கணவர் படகு இயந்திரங்கள் பழுது பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. அதை இங்கே எழுத வேண்டாம். காப்பி வேண்டும் என்றாலும் அதுதான், வலிக்கிறது என்றாலும் அதுதான், என்னைக் கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். மற்றபடி அவருக்கு எல்லாம் புரியும். இதை டாக்டரே சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் விடியும்போதே கடற்கரைக்கு இறங்கி, தண்ணீர் ஓரமாக முதல் வரிசையில் குடையை நட்டு, நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். காப்பி குடித்து, சந்தைக்குப் போய், அடுப்பில் ஏதாவது ஏற்றி வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பி வருவோம். அதுவரை அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. நகராட்சி இதைத் தடை செய்திருக்கிறது, ஆளில்லாத நாற்காலிகளை அள்ளிப் போய்விடுவார்கள். அதனால் நாங்கள் செருப்பையும் துண்டையும், ஒரு பழைய சட்டையையும் விட்டுவிட்டு வருவோம். ஆள் தண்ணீரில் இருக்கிறார் போல என்று நகராட்சிக்காரர்கள் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு இது வீம்பு இல்லை. தண்ணீர் ஓரத்து இறுகிய மணலில்தான் சக்கர நாற்காலி நிற்கும், இவர் கால் நனையும். மற்ற இடத்தில் சக்கரம் புதைந்துவிடும்.

அன்று நான் வழக்கம்போல் இவரை எழுப்பி பால்கனியில் உட்கார வைத்துவிட்டுக் குடையோடு கீழே போனேன். நாங்கள் வழக்கமாகப் போடும் இடத்தில் ஒரு புது நீலக் குடையும், நாற்காலியும், மடித்து வைத்த சட்டையும், செருப்பும், ஒரு துணிப்பையும் இருந்தன. ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியூர்க்காரனும் நம் தந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டானே என்று நினைத்தேன். கடலை நிமிர்ந்து பார்த்தேனா என்று சார்ஜென்ட் கேட்கிறார். பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் குடையை அதற்குப் பக்கத்தில் நட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நான் மேலே வந்தபோது என் கணவர் பால்கனிக் கம்பியை இடது கையால் தட்டிக்கொண்டு, கடலைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்க அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். "வரேன் இருங்க, கடல் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டு, இவருக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. கொட்டிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வீட்டைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு, வெயில் ஏறின பின்பு இவரைக் கீழே கொண்டுபோனேன். நீலக் குடை அப்படியே இருந்தது. நகராட்சி வண்டி அதைத் தாண்டித்தான் போயிருக்கிறது, செருப்பைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். என் கணவர் உட்கார்ந்ததிலிருந்து அந்த நாற்காலியைக் காட்டுவார், பிறகு கடற்கரைக் கோடியில் இருக்கும் பாறை முனைப் பக்கம் கையை நீட்டுவார், திட்டுவார். மறுபடியும் அதேதான். பக்கத்துக் குடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் இடத்துக்காக மல்லுக்கு நிற்பதில் இவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இவருடைய தம்பி தோனெத், "அண்ணன் இன்னும் அந்த எடத்த விடல பாருங்க அண்ணி" என்றான். நானும் சிரித்தேன். அதன் பிறகு இவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "போதும், மானம் போகுது. அவன் எடம் அவன் வெச்சுக்கட்டும்" என்று சொல்லி இவர் கையை எடுத்துத் தொடைமேல் வைத்தேன். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது, ஐயா. இவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, படி இறக்கி, மணலில் தள்ளி, இடையில் அடுத்தவர் வீட்டுக் கக்கூசையும் கழுவிவிட்டு வந்திருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதியம் அந்த வெளியூர்க்காரரின் மனைவி அசுந்தா வந்தார். உள்நாட்டு மலைப் பக்கத்து ஊர், மரியாதையான பெண். கணவர் விடியற்காலையில் இடம் பிடிக்கப் போனதாகவும், தான் சந்தைக்குப் போய் வந்ததாகவும் சொன்னார். முதல் வரிசையில் குடை வைத்தால்தான் இடம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வாடகை வீட்டுக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் தோனெத் கடையில் பீர் குடித்துக்கொண்டிருப்பார், ஆண்பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள் என்று சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு பீச் பழத்தை நறுக்கி எனக்குப் பாதி கொடுத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போது என் கணவர் சக்கர நாற்காலியிலிருந்து தன்னைத்தானே மணலில் தள்ளிக்கொண்டார். நான் பிடிப்பதற்குள் முழங்கையால் ஊர்ந்து போய் நீலக் குடையின் காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்துவிட்டார். எங்கள் கடற்கரையில் அடுத்தவர் குடையைத் தொட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் வெட்கத்தில் இவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடை சாய்ந்ததில் துணிப்பை கவிழ்ந்து மூக்குக்கண்ணாடியும் கைப்பேசியும் விழுந்தன. அசுந்தா அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். "இது இல்லாம அவருக்கு எதுத்தாப்புல நிக்கிற ஆளே தெரியாதே" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் கடலைப் பார்த்தோம்.

அதன் பிறகு நடந்தது உங்களிடம் இருக்கிறது. தோனெத் படகை எடுத்தான். என் கணவர் காலையிலிருந்து கையை நீட்டிய பாறை முனையில்தான், கல் இடுக்கில் கால் மாட்டி எலும்பு முறிந்து, ரத்தம் போய், எலாதியோ கிடந்தார். உயிர் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் அசுந்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து முதல் வரிசைக்காரர்கள் எல்லாரும் தோனெத் கடையில் கூடினோம். கேட்டால் என்ன சொல்வது என்று பேசினோம். "யாருக்கும் தெரியலன்னு சொல்லுவோம். உண்மையும் அதுதான அண்ணி. அண்ணனப் பத்தி எதுக்கு இழுக்கணும், அவரே பாவம்" என்றான் தோனெத். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

நேற்று அசுந்தா வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, சாவி வாங்கப் போன என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அத்தனை பேர் இருந்த இடத்தில் தன் கணவரை ஒருத்தர்கூட நினைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒருத்தர் நினைத்தார். எலாதியோ தண்ணீரில் இறங்கியதை என் கணவர் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார், அலை அவரைப் பாறைப் பக்கம் இழுத்ததையும் பார்த்திருக்கிறார், காலை முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதை நீங்கள் எழுத வேண்டும், அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

பேச முடியாதவரைச் சாட்சியாகச் சேர்க்க வழியில்லை என்று சார்ஜென்ட் சொல்கிறார். சேர்க்காவிட்டால் போகட்டும். எழுதியதை, இவரையும் உள்ளே கொண்டுவந்து வைத்து, இப்போது படித்துக் காட்டுவார்கள். ஆள் இறந்துபோன இடத்தை இவர் காதில் விழாதபடி தணிந்த குரலில் படிக்கச் சொல்லி, வந்தவுடன் நான் சார்ஜென்ட்டின் காதில் சொல்லியிருந்தேன். ஏனென்றால் எலாதியோ பிழைத்து ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் வீட்டில் இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று முதல் இவர் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைக் கோபமாகச் சொல்லவே இல்லை, சாந்தமாக இருக்கிறார். இப்போது அப்படி மறைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் சத்தமாகவே படியுங்கள். பார்த்தவர் அவர், அவருக்குத் தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மேலே கண்டவை நான் என் வாயால் சொன்னவை, யாரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல. என் கணவர் முன்னிலையில் முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டப்பட்டது. இறந்த விவரம் வந்த இடத்தில் அவர் இடது கையை உயர்த்தியதால் படிப்பது நிறுத்தப்பட்டது. அவர் என் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். இந்த முறை அர்த்தம் என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகு மீதியும் படிக்கப்பட்டது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஃபினா யோரெத்