தனபால் மளிகை, மாரமங்கலம்

சர்ரு சர்ருன்னு கேக்குதேன்னு நின்னுட்டீங்களாட்ட. பயப்படாதீங்க, பாம்பெல்லாம் ஒண்ணுமில்ல. களத்துல காபிக் கொட்டையப் பலகை போட்டு இழுத்துட்டிருக்கேன், அந்தச் சத்தந்தான். இந்த மூட்டத்துல ஆளு தெரியாதுங்க, சத்தந்தான் மொதல்ல வரும். அதையே புடிச்சுட்டு வாங்க. ஆங், இக்கட்ட, இந்தப் பக்கம். கொட்டைய மெதிச்சுப்போடாதீங்க.

எந்தக் கடைங்க? தனபால் மளிகையா?

அப்படி ஒரு கடை மாரமங்கலத்துல இல்லீங்களே. பஸ்ஸு நிக்கிற எடத்துல முனியப்பன் டீக்கடை, அதுக்கு மேல குப்பாயக்கா பொட்டிக்கடை. அங்க கேட்டீங்களா? ஓ, அவங்கதான் இங்க கை காட்டி விட்டாங்களா. ஆமாங்க, தனபால்ங்கறது எம்பேருதான். பேரு இருந்தாக் கடை இருக்கோணுமா என்ன? நான் எஸ்டேட் குடோன்ல ராத்திரி வாட்ச்மேனுங்க. பகல்ல இந்த ஒண்ணரை ஏக்கராக் காபி. கடை வெக்கிற மூஞ்சியாங்க இது?

செரி, ஆரு குடுத்தாங்க அந்த அட்ரஸு? கம்ப்யூட்டர்ல இருந்துச்சா. ம்.

ஏனுங்க மேடம், கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க வரி ஆபீஸுங்களா? இல்லீங்களா. பேங்க்கா? அதுவுமில்ல. கோயமுத்தூர்ல இருந்து மூணு பஸ்ஸு மாறி, இல்லாத ஒரு மளிகைக் கடையத் தேடி ஒரு பொம்பளப்புள்ள ஒண்டியா மலையேறி வருதுன்னா, நான் அத என்னன்னு எடுத்துக்கறதுங்க?

பேரு? கவிதாவா.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கை வலிக்குது, அதான் பலகைய நிறுத்துனேன்.

பேரேடு. ஆமாங்க, தெரியும். எம்பொண்ணு வெண்ணிலா எழுதுனதுதான். கடைக்காரங்க கணக்கெழுதற சாப்ட்வேரு. ஓப்பன் சோர்ஸுன்னு சொல்லுவா. காசு கெடையாது. உள்ள எழுதியிருக்கறத ஆரு வேணாப் பிரிச்சுப் படிக்கலாம், தப்புக் கண்டாத் திருத்தி அனுப்பலாம். ஆனா அந்தத் திருத்தத்தச் சேத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்றது சாவி வெச்சிருக்கற ஆளு. சாவின்னா பாஸ்வேர்டுங்க, அது எங்க ஊட்டுல இருக்குது. மொதமொதல்ல அவ இதச் சொன்னப்ப நான் நம்பவே இல்லீங்க. ஓசியில எவன் குடுப்பான், நீ எதுலயோ மாட்டப்போறன்னு ஒரு மாசம் சண்டை. உனக்கு வாட்ச்மேன் புத்திப்பா, எல்லார் பையுலயும் திருட்டுக் கொட்டை இருக்கும்னு நீ நெனைக்கறேம்பா. சொல்லீட்டுச் சிரிப்பா.

அவ இல்லீங்க, வெளிய போயிருக்கறா. எப்ப வருவான்னு சொல்ல முடியாது.

அந்தக் கடை கதை வேணும்னாச் சொல்றேன். புதுசாப் போடறவங்க பழகிப் பாக்கறதுக்குன்னு அவ உள்ள வெச்ச டூப்புக் கடைங்க அது. நாப்பது கிலோ மிளகு, பன்னெண்டு மூட்டைக் காபிக் கொட்டை, ரெண்டு பொட்டி சோப்பு. மொதலாளி ஒருத்தர் வேணுமேன்னு எம்பேரு, ஊரு வேணுமேன்னு இந்த ஊரு. சோறு போட்டுட்டே, அப்பா, இன்னைக்கு உனக்கு மூவாயிரம் லாபம்ப்பாம்பா. கல்லாப்பொட்டி இல்லாமயே லாபம் பாத்தவன் நானு.

என்னுங்க? சாவியா?

அதானே பாத்தேன். அதுக்குத்தானா இத்தன தூரம்.

தப்பா நெனைக்காதீங்க, ஒரு விசயம் சொல்றேன். ரெண்டு வருசம் முந்தி அண்ணாதுரைன்னு ஒருத்தன் வந்தான். நேர்ல இல்ல, உங்களாட்டத்தான், திருத்தம் அனுப்பற ஆளு. நெசப் பேரோ பொய்ப் பேரோ. எழுத்துப் பெழை, கூட்டல் பெழை, பில்லு அச்சுல கோணல், எல்லாம் நல்ல புள்ளையாட்ட சரி பண்ணுவான். கூடவே நல்ல வார்த்தை. நீங்க ஒண்டியாக் கஷ்டப்படறீங்க, சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுச் செத்த நேரம் தூங்குங்கன்னு. அக்கறையாட்டத்தான் இருந்துச்சு. கடைசியா ஒரு திருத்தம் அனுப்புனான், நாலாயிரம் வரி. வேகமா ஓடறதுக்குன்னு சொன்னான். அதுக்கு நடுவுல ஒரே ஒரு வரிங்க. கடைக்காரன் எழுதற கணக்கு அத்தனையும் ஒரு நகலு வேற எங்கயோ போய்ச் சேர்ற மாதிரி. வாட்ச்மேனுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதானுங்களே, பையத் தொறந்து பாக்கறது. வரி வரியாத் தொறந்து பாத்தேன். பதினோரு ராத்திரி ஆச்சுங்க எனக்கு, அந்த ஒரு வரியப் புடிக்கறதுக்கு.

எனக்குன்னா சொன்னேன்? வெண்ணிலாவுக்குங்க. அவ சொன்னதத்தான் சொல்றேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

வெண்ணிலாகிட்ட இருந்து பதிலெல்லாம் ராத்திரி பத்துக்கு மேலதான் வருதா. வரட்டுமே, அப்பத்தான் அவளுக்கு ஒழியும். நாலு வருசமாத்தான் அப்படியா? அதுக்கு முந்திப் பகல்லயும் வந்துட்டிருந்துச்சா? அதையெல்லாமா எண்ணிட்டு வந்தீங்க? நல்லா எண்ணுனீங்க போங்க. உங்களுக்கும் வாட்ச்மேன் புத்திதான்.

நின்னுட்டே இருக்கீங்களே, அந்தக் கோணி மேல உக்காருங்க. ஈரமில்ல.

உங்க திருத்தம் மூணு கெடக்குது, தெரியும். வர்ற ஏப்ரல்ல வரி விதி மாறுது, அதுக்குள்ள சேத்தலீன்னா நீங்க போட்டுக் குடுத்த நானூறு கடையிலயும் பில்லு தப்பாப் போவும்னு எழுதியிருந்தீங்க. ஒருக்கா இல்ல, அஞ்சு தடவை எழுதுனீங்க. கடைசித் தடவை கொஞ்சம் கோவமா. மொத ரெண்டும் படிச்சேன், புரிஞ்சுது, பழுதில்ல. மூணாவது எனக்கு வெளங்கலீங்க. நாப்பது ராத்திரி உக்காந்தும் வெளங்கல. வெளங்காதத எப்படிங்க உள்ள விடறது? அண்ணாதுரையும் நல்லவனாட்டத்தான வந்தான். வெளங்கலீங்கன்னு உங்களுக்கு எழுதவும் முடியல. வெண்ணிலா அப்படி எழுத மாட்டாளே.

அவ இல்லீங்க மேடம்.

மூளைக் காய்ச்சலு. மூணே நாளு. வர்ற மாசி வந்தா நாலு வருசம்.

பதினாறு முடிஞ்சு சனமெல்லாம் கெளம்பிப் போச்சு. இந்தக் கம்ப்யூட்டரு சார்ஜுல கெடந்து லைட்டு மினுக்கிட்டே இருந்துச்சு. அத அணைக்கறதுக்குத்தான் தொறந்தேன். ராசிபுரத்துல இருந்து மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் எழுதியிருந்தாரு. இருப்பு மைனஸ்ல காட்டுதுன்னு கேட்டு ரெண்டு வாரமாப் பதிலே இல்ல, மேடம் இருக்கீங்களா, அப்படின்னு. எனக்கு அப்ப ஒத்த விரல்லதான் அடிக்கத் தெரியும். இருக்கேங்க, அப்படின்னு அடிச்சேன்.

அடிச்சுப்போட்டேன். அப்பறம் அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லோணுமில்லீங்க? குடோன்ல வைபை இருக்குது. அவ அதுவரைக்கும் எழுதுன பதிலு, அறநூத்தி சொச்சம், அத்தனையும் அங்க உக்காந்து படிச்சேன். எந்த எடத்துல நன்றிம்பா, எந்த எடத்துல ஒரு சிரிப்பு மூஞ்சி போடுவான்னுகூடப் பாடம். மருந்துக்கடைக்காரருக்குப் பதில் சொல்ல ஒம்போது ராத்திரி. அவரு, நொம்ப நன்றி மேடம், நல்லா இருங்கன்னாரு. நல்லா இருங்கன்னு ஒருத்தரு அவளச் சொல்றப்ப, அவ செத்துட்டாங்கன்னு எப்படிங்க அடிக்கறது?

நீங்க எதுக்குங்க கண்ணத் தொடைக்கறீங்க. விடுங்க.

சாவி அவ கையெழுத்துல ஒரு நோட்டுல இருக்குது. அந்த மூணாவத எனக்கு ஒருக்கா வெளங்க வெச்சுட்டு எடுத்துக்கங்க. வெளங்கற வரைக்கும் விட மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன். அவ பேரையும் எடுக்கறதுன்னா எடுங்க. செத்தவ பேருல நான் பேசிட்டுத் திரியறது தப்புன்னு எனக்கும் தெரியும். அந்தக் கடைய மட்டும் எடுத்துராதீங்க. என்னோட கம்ப்யூட்டர்ல அத நாந்தான் நடத்தறேன். நேத்து ரெண்டு கிலோ மிளகு வித்துப்போட்டேன். நாப்பதுல முப்பத்தி மூணுதான் பாக்கி இருக்குது.

தூறலு உளுவுதுங்களா? உங்க தலையில பாருங்க. இத மொதல்ல கூட்டிப்போடோணும், நனைஞ்சாப் பூசணம் புடிச்சுரும். நீங்க உக்காருங்க, நானே இழுத்துருவேன்.

செரி, வாங்க. அந்தத் தார்ப்பாய் முனையப் புடிச்சுட்டு நில்லுங்க. இன்னும் நாலு இழுப்புத்தான்.