தானாக ஆடிய பாதம்

சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஏற்றம் மிதிக்கும் விவசாயி ஒருவர் பக்கத்திலிருந்த புளி வியாபாரியிடம் சொன்னார்:

"பாய், என் பாதம் என்னைக் கேக்காமயே ஆடுச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"குதிகாலுக்கு மேல ஒரே வலி. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவுனதுல வீங்கிப்போச்சு. நரம்பே அறுந்துடுச்சு, இனி ஏத்தம் ஏற முடியாதுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டரம்மா நாற்காலியில முட்டி போட வெச்சு கெண்டைக்கால் சதையை அமுக்கினாங்க. பாதம் தானா ஆடுச்சு! 'அறுந்திருந்தா ஆடாது, நோவு கண்டிருக்கு, அவ்வளவுதான்'னாங்க. நீவக் கூடாதாம். கொஞ்ச நாளு ஏத்தத்தை விட்டுட்டு, செருப்புல குதிகாலுக்கு அடியில தோல் வெச்சு உசத்தச் சொன்னாங்க. இப்பத் தேவலைங்க."

பாய் செருப்பைக் கழற்றினார். பாதம் வெளியே தொங்க பெஞ்சில் மண்டியிட்டு, தன் கெண்டைக்காலை அமுக்கித் திரும்பிப் பார்த்தார். பாதம் ஆடியது.

"யா அல்லா! கேக்காமயே ஆடுற இந்தக் கால் மேலயா இத்தனை வருஷமா புளி மூட்டையை ஏத்துனேன்!"