நின்றுகொண்டிருந்த கார்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது, இன்ஸ்பெக்டர் சார். ரைட்டர் ஒரு கையால் எழுதிக்கொண்டு, இன்னொரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பாவம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. தெலுங்கிலேயே எழுதட்டும். கடைசியில் ஒருமுறை படித்துக் காட்டினால் போதும், பிழை இருந்தால் திருத்திக் கொடுப்பேன்.

என் பெயர் ஜெமிமா எர்னஸ்ட். சித்தூரில் மிஷன் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தனை வருடத்தில் ஒரு பெண்ணை அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். எங்கள் சமையல்கார இந்திராணி ஒருநாள் உப்புமாவில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தாள். நான் வாக்குவாதம் செய்யவில்லை. தேக்சாவை அவள் முன்னால் வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் அவளாகவே ஒத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவள் சமையலில் உப்பு பிசகியதே இல்லை. சொல்லி நம்பாதவர்கள் நேரில் அனுபவித்தால் நம்புவார்கள். நான் கண்டது இவ்வளவுதான்.

இனி கார். மகன் ஆண்ட்ரூ அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படிப் போய்விட்டது. பஸ்ஸில் இடிபடாதீர்கள் என்று அவன்தான் அந்த வெள்ளை மாருதியை வாங்கிக் கொடுத்தான். என் கணவர் எர்னஸ்டுக்கு ஓட்டப் பயம், அதனால் நான் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் எதற்கு என்று சபையில் சிலர் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் ஆலய வாசலில் இறங்கினேன். சிரிப்பு நின்றது.

இன்சூரன்ஸை அரசாங்க ஆபீஸில் போடலாம் என்றார் எர்னஸ்ட். அங்கே குமாஸ்தா சீட்டில் இருக்க மாட்டார், ஆனால் எந்த டீக்கடையில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். ஆண்ட்ரூ கேட்கவில்லை. தனியார் கம்பெனிகள் வந்துவிட்டன, எல்லாம் போனிலேயே நடக்கும் என்றான். அப்படியே செய்தோம்.

விபத்து நடந்தது பாகாலாவுக்குப் பக்கத்தில், ரயில்வே கேட்டில். எர்னஸ்டுக்குக் கண் பரிசோதனைக்காகத் திருப்பதி போய்க்கொண்டிருந்தோம். கேட் போட்டிருந்தது. சாலை அங்கே கேட்டை நோக்கி நன்றாக இறங்கும். நான் முறைப்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை எடுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு மாங்காய் லாரி வந்து இடித்தது. கார் நகர்ந்து போய் கேட் கம்பத்தில் சாய்ந்து நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எர்னஸ்டுக்குக் கழுத்து பிசகி, பட்டை போட்டார்கள்.

லாரி டிரைவர் சண்முகம் ஓடிவந்து என் காலைத் தொட்டான். "எம்மேலதாம்மா தப்பு. உன் வண்டி சும்மா நின்னுகினு இருந்துச்சி. மிதிச்சேன், பிரேக்கு புடிக்கல" என்றான். அவன் மனைவி கங்கம்மா என் விடுதியில் படித்தவள். அந்தப் பயமும் இருந்திருக்கலாம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்றது. பிறகு சங்கீதம். பிறகு டெல்லியிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு பெண் வந்து, சித்தூர் என்பது எந்த ஊருக்குப் பக்கத்தில் என்று கேட்டாள். கடைசியில், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள். இதுவரை என்ன உதவி செய்தாய் அம்மா என்று கேட்டேன். மறுபடி சங்கீதம் வந்துவிட்டது.

அதனால் திருப்பதி ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். அங்கேதான் கோபிகிருஷ்ணனைச் சந்தித்தேன். சின்ன வயது, கழுத்தில் டை, நல்ல பல்வரிசை. மரியாதையாகத்தான் பேசினார். தப்பு லாரி மேல் என்றால் பணம் லாரியின் இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும் என்றார். லாரியின் இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்டேன். அதே கம்பெனி. அந்த விஷயத்தைப் பார்ப்பது யார் என்று கேட்டேன்.

"நேனே மேடம்" என்றார். நான்தான் என்று பொருள்.

பக்கத்து மேசைக்கு நகர்ந்து உட்கார்ந்து, வேறொரு ஃபைல் கட்டைப் பிரித்தார். அதன்படி கார்தான் ரிவர்ஸில் வந்து லாரியை இடித்திருக்கிறது. லாரி முதலாளி கிருஷ்ணப்பா அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், சண்முகமும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

காருக்குப் பின்பக்கம் மேடு, அது பின்னால் உருள முடியாது என்று எடுத்துச் சொன்னேன்.

"அதுக்குதான் மேடம் ரிவர்ஸ் கியர்னு கிளியரா எழுதிருக்கோம்" என்றார். "லேடீஸ் டிரைவிங்ல இது சகஜம் மேடம். தப்பா நெனச்சிக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. இதை ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். பணம் எனக்குப் பெரிதல்ல, ஆண்ட்ரூ அனுப்புவான். ஆனால் ஜெமிமா எர்னஸ்ட் ரிவர்ஸில் போய் லாரியை இடித்தாள் என்று ஒரு ஆபீஸில் எழுதி வைத்திருப்பது உண்மைக்கு மாறானது. அதற்குள் சபையில் போதகரின் மனைவியே, "ஜெமிமாக்கா, ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பாக்கணும்க்கா" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

பலமுறை திருப்பதிக்குப் போனேன். கூடவே எர்னஸ்டையும் அழைத்துப் போவேன், அவர் கழுத்தைப் பார்த்தாலாவது புரியும் என்று. ஒவ்வொரு தடவையும் கோபிகிருஷ்ணன் எங்களுக்குக் குளிர்பானம் வரவழைத்தார். கடைசித் தடவை கொஞ்சம் சலித்துக்கொண்டார். "மேடம், நின்னுகினு இருந்த வண்டிக்கு இவ்ளோ அடி படாது. நானே கண்ணால பாத்திருந்தா எழுதிருப்பேன். பாக்கலியே, நேனேம் சேசேதி?" என்றார். நான் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நியாயமான பேச்சு. வருகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பார்த்திருந்தால் எழுதுவேன் என்று சொன்னது அவர்தான், நானல்ல.

மறுநாள் பங்காருபாளையம் போய் கிருஷ்ணப்பாவின் மண்டியில் சண்முகத்தைப் பிடித்தேன். மாங்காய் சீசன், மூச்சுவிட நேரமில்லாமல் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மொதலாளி வைக்கச் சொன்னாரு, கையெழுத்து வச்சிட்டேம்மா. புள்ளைங்க கீதுங்க" என்றான்.

நான் திட்டவில்லை. பிரேக் சரிசெய்தாயிற்றா என்று மட்டும் கேட்டேன்.

"சீசன்ல ரிப்பேருக்கு எங்கம்மா உடுவாரு? லோடு ஓடிக்கினே கீது. பாத்து பாத்து ஓட்டிக்கினு கீறேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஆபீஸர் இடத்தைப் பார்வையிட வருகிறார், அன்றைக்கு எப்படி வந்தாயோ அப்படியே லோடோடு லாரியைக் கொண்டுவந்து கேட்டுக்கு முந்தைய மேட்டில் நிறுத்து, உண்மையை அவரிடம் வாயால் சொல்லிவிடு, உன் பாரமும் இறங்கும் என்றேன். ஒத்துக்கொண்டான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை லாக்கப்பில் வைத்திருப்பது சரியில்லை, சார்.

கோபிகிருஷ்ணனும் வந்தார். இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் இனி உங்கள் ஆபீஸ் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

காரை அன்று நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். ஆபீஸர் பார்க்கும்வரை ரிப்பேர் செய்யக் கூடாது என்பது கம்பெனி விதி, அதனால் பின்பக்கம் கயிற்றால் கட்டியபடிதான் இருந்தது. இதையும் கவனியுங்கள். நல்ல பொருளை வீணாக்குகிறவள் இல்லை நான். கேட் போட்டார்கள். கோபிகிருஷ்ணனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை அவரே இழுத்துப் பார்த்தார். கியரில் இல்லை என்பதையும் அவரே ஆட்டிப் பார்த்துச் சொன்னார்.

"இப்போது கார் நிற்கிறதா?" என்று கேட்டேன்.

"நிக்கிது மேடம்" என்று சிரித்தார்.

அப்படியே இருங்கள், பின்னாலிருந்து தூரத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். லாரி அங்கே நின்றது. சண்முகத்தை, கேட்காரரிடம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். ஏறி உட்கார்ந்தேன். புடவையோடு லாரியில் ஏறுவது கொஞ்சம் சிரமம்தான்.

நான் லாரியை ஓட்டினேன் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். கனரக வண்டிக்கு என்னிடம் லைசென்ஸ் இல்லை, சட்டத்தை மீறும் பழக்கமும் இல்லை. எஞ்சினை நான் தொடவே இல்லை. கியரை நடுவில் வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினேன், அவ்வளவுதான். மற்றதை மேடு பார்த்துக்கொண்டது. நடுவில் இறங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஆளில்லாமல் ஒரு வண்டியைச் சாலையில் விடுவது பொறுப்பான காரியமா? நான் உட்கார்ந்தே இருந்தேன். மரியாதைக்கு ஹாரனும் அடித்தேன். கோபிகிருஷ்ணன் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போகச் சொல்லி சைகை காட்டினார்.

முதல் தடவை போலவேதான் இருந்தது. கேட் கம்பம் தாங்கியது. அது தாங்கும் என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். போன தடவை தாங்கியதே. கார் சாய்ந்து நின்றதும் பாசஞ்சர் ரயில் அதன் மூக்குக்கு முன்னால் போயிற்று. மாங்காய்கள் மட்டும் கொஞ்ச தூரம் உருண்டன.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கோபிகிருஷ்ணனுக்குத் தோள்பட்டை எலும்பும் முன்பற்கள் இரண்டும் போயிருந்தன. தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, கார் நின்றுகொண்டிருந்ததா, ரிவர்ஸில் வந்ததா என்று கேட்டேன்.

"நின்னுகினுதான் மேடம் இருந்துச்சி" என்றார். பல் இல்லாததால் சரியாக வரவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார். அப்போதே எழுதி வாங்கியிருப்பேன். வலது கை தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கேட்காரர் உங்களுக்குப் போன் செய்துவிட்டார்.

ஆனால் அவர் உண்மையான மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்தே கம்பெனிக்கு, கார் நின்றுகொண்டுதான் இருந்தது, நானே உள்ளே இருந்தேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? நின்றுகொண்டிருந்த வண்டிக்கு இவ்வளவு அடி படாது, கோபிகிருஷ்ணன் ரிவர்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் அழுதாராம். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. என்னைப் போலவே அவரையும் யாரும் நம்பவில்லை.

இப்போது சென்னையிலிருந்து சந்தியா என்று ஒரு பெரிய ஆபீஸர் வெள்ளிக்கிழமை வருகிறார். நேரில் பார்த்தால்தான் எதையும் முடிவு செய்ய முடியும் என்றாராம். அதனால்தான் ஜாமீன் விஷயத்தில் கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் வசதி. லாரி உங்கள் காம்பவுண்டில் நிற்பதைப் பார்த்தேன். அதன் பிரேக்கை யாரும் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சாட்சியம்.

இன்னொரு திருத்தம். காருக்குள் ஒருவர் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர் இருந்தார்கள். எர்னஸ்டும் இருந்தார். முதல் விபத்தில் முன்சீட்டில் இடது பக்கம் அவர்தான் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவர் இல்லாவிட்டால் எடை வேறுபடும், அன்றைக்கு மாதிரி இல்லையே என்று கோபிகிருஷ்ணன் ஒரு சாக்குச் சொல்லலாம். இதை நான் எர்னஸ்டுக்குக் காலையிலேயே விளக்கிவிட்டேன். என்ன நடக்கப்போகிறது என்றும் சொன்னேன். திருமணமானதிலிருந்து அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

"ஜெமி, நான் வீட்லயே இருந்துடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். காரியத்தின் அவசியத்தைச் சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டார். மாங்காய் லாரி இறங்கி வரும்போது கண்ணாடியில் அவருக்கும் தெரிந்திருக்கும். கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கதவு உள்ளிருந்து திறக்காது என்பது வேறு விஷயம், அது முதல் விபத்திலேயே நெளிந்துவிட்டது.

நேற்று உங்கள் கான்ஸ்டபிள் துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, தாடையை வாரால் கட்டி, மேலே பார்த்தபடி படுக்க வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் தலையை அசைக்கவே விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பேசவில்லை, ஆனால் ஒரு தடவைகூட என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கோபம் இருந்தால் திருப்பிக்கொண்டிருப்பார், சார். எனக்கு அவரைத் தெரியாதா?