காரணம் என்று ஒரு கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இரண்டு மதங்களிலிருந்தும் வந்திருக்கும் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் ஊர் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. மறைந்த நம் பதிவாளர் அம்மையாருக்குப் பதினெட்டு ஆண்டுகள் தட்டச்சு செய்தவன். இவ்வளவு காலமும் மற்றவர்கள் சொன்னதைத் தட்டித் தட்டி என் விரல்கள் களைத்துவிட்டன. காதும் களைத்துவிட்டது. அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

போர் முடிந்த மறு ஆண்டு எங்கள் பதிவு அலுவலகம் திறந்தது. மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகள். மூன்று ஆண்டுப் போரில் இறந்தவர்களைப் பற்றி உறவினர்கள் வந்து சொல்வார்கள், நாங்கள் பதிவோம். படிவத்தில் பெயர், வயது, நாள், இடம். கடைசியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம். அதன் தலைப்பு, ‘காரணம்’.

அந்தக் கட்டத்தில் ‘மதம்’ என்று எழுதினால் போதும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எழுதவும் எளிது, எண்ணவும் எளிது. நானும் முதல் வாரம் அப்படித்தான் தட்டினேன். இரண்டு கூட்டம், இரண்டு கடவுள், வேறென்ன வேண்டும்? அம்மையார் அத்தனை படிவங்களையும் என் மேசையில் திருப்பி வைத்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?”

வீட்டிலும் அதே கேள்விதானாம். தலைவலி என்று சொன்னால்கூட அம்மா முந்தின நாள் கணக்கைக் கேட்காமல் மாத்திரை தர மாட்டார் என்று மகள் சொல்லிச் சிரிப்பார். இன்று அவரால் சிரிக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், தாயே.

ஆற்றங்கரைத் தெருவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போர் அங்கேதான் தொடங்கியது. முப்பத்தோரு வீடுகள் எரிந்தன. வழிபாட்டு இடத்தை அவமதித்தார்கள், அதனால் எரித்தோம் என்றது ஒரு தரப்பு. பொய் என்றது இன்னொரு தரப்பு. அம்மையார் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வீடு வீடாக நின்று படம் வரைந்தார். எரிந்த முப்பத்தொன்றில் ஆறு வீடுகள், எரிக்க வந்தவர்களின் சொந்த மதத்தாருடையவை! பின் தெருவில் மறு மதத்தார் நாற்பது குடும்பம் இருந்தார்கள். அங்கே ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. எரிந்த இடம் முழுவதும் ஒரே ஆண்டில் மதில் எழுந்தது, உள்ளே சரக்குக் கிடங்கு எழுந்தது. எந்த வீட்டைக் கொளுத்துவது என்று குறித்துக் கொடுத்தவர் அந்தக் கிடங்கு முதலாளியின் ஆள் என்பதற்கு ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள்.

அன்று நான் துள்ளினேன். பார்த்தீர்களா, மதம் வெறும் சாக்கு, உள்ளே இருந்தது நிலம் என்றேன். அம்மையார் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: “முதலாளிக்கு நிலம் வேணும், சரி. தீ வெச்சவனுக்கு என்ன வேணும்? அவனுக்கு ஒரு முழம் இடங்கூடக் கிடைக்கலையே, அவன் ஏன் வந்தான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் ‘தெரியவில்லை’ என்று எழுத அவர் வெட்கப்பட்டதே இல்லை. அந்த இரண்டு விரல் கட்டத்தின் மேல் ஒரு முழு வெள்ளைத் தாளை ஒட்டச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு படிவத்துக்கும் அப்படித்தான்.

என் அண்ணன் தையற்காரர். போரின் இரண்டாம் ஆண்டில் அவரைக் கொன்றவர் எதிர்வீட்டு லாரிக்காரர். எட்டு ஆண்டுச் சிறைக்குப் பிறகு அந்த மனிதர் ஒருநாள் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார், வாக்குமூலம் தர வேண்டும் என்றார். அம்மையார் என்னைப் பார்த்து, வெளியே போய் உட்காருங்கள், நானே கையால் எழுதிக்கொள்கிறேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதை நான்தான் தட்டினேன். மனப்பாடமாக இருக்கிறது.

“எனக்கு யாரும் எதுவும் தரல. அவர் மேல கோபமும் இல்ல. முந்தின நாள்கூட என் பொண்ணு சட்டைக்குப் பொத்தான் தைச்சுக் குடுத்தாரு. கடவுளுக்குப் பிடிக்கும்னு நம்பினேன். அவ்வளவுதான்.”

அம்மையார் திருப்பித் திருப்பிக் கேட்டார். நிலமா, பழைய பகையா, பயமா, யாராவது மிரட்டினார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே லாரிக்காரர் தலையாட்டினார். கடைசியில் அம்மையார் பேனாவை மூடி வைத்தார். பிறகு, அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்றார்.

எங்கள் பதிவுகளை வைத்து அரசின் விசாரணைக் குழு எழுதிய அறிக்கை அப்போது அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மதங்கள் அன்பையே போதிக்கின்றன, போருக்குக் காரணம் சில சுயநலக்காரர்களே என்பது அதன் முடிவு. ஆற்றங்கரைத் தெரு அந்த முடிவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. லாரிக்காரர் பொருந்தவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்ல இரண்டு மதத் தலைவர்களும் சேர்ந்து வந்தார்கள். மூன்று ஆண்டுப் போரில் ஒரே அறையில் உட்கார மறுத்தவர்கள், அன்று எங்கள் பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐயா, நீங்கள் இருவரும் இந்த மேடையில் இருக்கிறீர்கள். இதைச் சொல்ல என்னை மன்னியுங்கள். சொல்லாமல் போனால் அம்மையார் மன்னிக்க மாட்டார்.

அவர் உங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்கிறீர்களா என்று கேட்டார். பொய் இல்லை, எங்கள் மதத்தை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றீர்கள்.

“புரியவெச்சது யாரு?” என்றார் அம்மையார்.

தேநீர் ஆறியது. நீங்கள் எழுந்து போனீர்கள். அறிக்கை அந்தப் பக்கம் இல்லாமலே வெளிவந்தது. அம்மையாரை ஓய்வில் அனுப்பினார்கள். அவர் ஓய்ந்தாரா? மருந்துக்கடை நடத்தும் மகளிடம் கடைக்குப் பின்னால் ஓர் அறை கேட்டு வாங்கினார், மேசை போட்டார், மறுபடி எழுத ஆரம்பித்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். சென்ற மாதம் மூச்சு முட்டி மருத்துவமனையில் படுத்த பிறகும், என்னைப் பார்த்ததும் அறைக்கு யார் யார் சொல்ல வந்தார்கள் என்றுதான் கேட்டார்.

போருக்கு மதம் காரணமா, இல்லையா? எத்தனையோ பேர் அவரிடம் கேட்டார்கள். அவர் ஒரே வரியில் பதில் சொன்னதில்லை. அவரிடம் இருந்தவை நாலாயிரத்துச் சொச்சம் தாள்கள். அதில் நிலமும் உண்டு, பயமும் உண்டு, பதவியும் உண்டு. கடவுளைத் தவிர வேறொன்றுமே இல்லாத தாள்களும் உண்டு.

இன்னொரு தாள் உண்டு. அது வெறுமையாக இருக்கிறது.

அண்ணன் செத்த மூன்றாம் நாள், மரக்கடைத் தெருவில் ஒரு கடை எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி தீக்காயத்தோடு இரண்டு வாரம் கிடந்து இறந்தார். அவருடைய படிவம் அம்மையாரிடம் இருந்தது. பெயர், வயது, நாள், இடம் எல்லாம் எழுதியிருந்தார். காரணத்தை மட்டும் எழுதவில்லை.

அந்தக் கடைக்குத் தீ வைத்தவன் நான்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். முடித்துவிடுகிறேன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று நான் பார்க்கவில்லை. நான் எந்தக் கடவுளையும் கும்பிட்டவன் இல்லை, இன்றும் இல்லை. என்னைக் கிளப்பியது அண்ணனின் சாவு. ஆனால் லாரிக்காரரின் வீட்டுக்குப் போகாமல், முகம் தெரியாத ஒருவரின் கடைக்கு ஏன் போனேன்? லாரிக்காரரின் மதத்தார் அங்கே இருந்தார்கள். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது மதம்தான்.

அம்மையாருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது எதிர்நாற்காலியைக் காட்டி, “நீங்க எப்ப இங்க உட்காரப் போறீங்க?” என்பார். வேலை கிடக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு இயந்திரத்தில் தாளைச் செருகுவேன். அவர் வற்புறுத்தியதில்லை. காத்திருந்தார். காத்திருந்தே போய்விட்டார்.

நேற்றுக் காலை அந்தக் காவலாளியின் மகனுடைய வீட்டுக்குப் போனேன். மேடையிலிருந்து அவர் முதலில் கேட்கக் கூடாது என்று நேரில் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போனேன். திங்கட்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என்னால் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள அறை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும். அவருடைய மகள் எழுதச் சம்மதித்திருக்கிறார். விட்டுப்போன லாரிக்காரரின் பக்கத்தைப் படியெடுத்து அங்கே வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அன்றைக்கு முதல் ஆளாக நான் வருவேன். தட்டச்சு செய்ய அல்ல, சொல்ல.

போய் வாருங்கள், அம்மா.