மச்சானின் திங்கட்கிழமைப் பதிவேடு

உங்கள் அலுவலகத்துத் தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. கல்லூரி கேன்டீனில் பதினாறு வருஷம் கழுநீரைக் குடித்தவன் சொல்கிறேன், நம்பலாம். வாக்குமூலம் என்றதும் இருட்டறை, மேசை விளக்கு என்று என் மனைவி பயந்துவிட்டாள். இங்கே என்னடாவென்றால் ஜன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறீர்கள்.

சரி, விளையாட்டரங்குக்கு வருகிறேன். நான் கல்லூரியின் திட்ட ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது, வேலை என்னவோ மூன்று பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது. அரசு பாதி தரும், ஒரு தனியார் நிறுவனம் பாதி தரும், கல்லூரி இடம் தரும். அரசு கையெழுத்துப் போடட்டும் என்று நிறுவனம் காத்திருந்தது, நிறுவனம் போடட்டும் என்று அரசு காத்திருந்தது. கதவருகில் இரண்டு பேர் 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று நிற்பார்களே, அப்படித்தான். நாலு வருஷம் நாயாய் அலைந்து இருவரையும் கரைத்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மனிதர்களைச் சரி என்று சொல்ல வைப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அரங்கு வர வேண்டிய இடத்தில், பிள்ளைகள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் பழைய இரும்பு கேலரி நின்றது. நன்றாக இருக்கிற ஒன்றை இடித்துவிட்டுப் புதிது கட்ட அரசு பணம் தராது. 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று பொறியாளர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் நிறுவனம் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்விடும்.

அந்த கேலரியைப் பார்த்துக்கொண்டவர் என் மனைவியின் அண்ணன். மைதானத்துப் பராமரிப்பாளர். முன்பல் இரண்டும் இல்லாததால் பேச்சோடு காற்றும் வரும், அதனால் கல்லூரி முழுக்க அவருக்கு 'விசில்' என்று பெயர். ஆள் தங்கம். திங்கட்கிழமை காலையில் ஸ்பேனரோடு வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு நட்டையும் முறுக்குவார். எந்த வேலையைத் தொட்டாலும், யார் சொல்லி, எத்தனை மணிக்கு என்று முதலில் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தொடுவார். நான் விடாமல் கேலி செய்வேன்.

"மச்சான், தும்மினாக்கூட எழுதிடுவீங்க போலிருக்கே."

"எழுதிட்டா மனசு லேசாயிடுது மாப்ள."

பொறியாளர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். கேலரியை இரண்டு தட்டு தட்டினார்.

"இன்னும் முப்பது வருஷம் நிக்கும் சார். இதைத் தகுதியில்லைன்னு எழுதினா, எனக்குத் தகுதியில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் நல்ல மனிதர்.

அன்று சாயங்காலமே மச்சானிடம் பேசினேன். "கேலரி ஆடுதுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க, போதும்."

"ஆடாததை ஆடுதுன்னு எப்படி மாப்ள எழுதுறது? பிள்ளைங்க உக்கார்ற இடம்."

அவருக்குப் பொய் எழுத வரவில்லை. மனிதருக்கு இல்லாத திறமையைக் கேட்டு நச்சரிப்பது சரியில்லை. எழுதுவது உண்மையாக இருந்தால் அவருக்குக் கஷ்டம் இல்லையே என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானத்தில் ஈ காக்கை இல்லை. மேல் வரிசையின் அடியில் பதினொரு நட்டுகளைக் கழற்றினேன். மச்சான் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு வைத்திருந்தார், விரலாலேயே சுழன்றன. அவர் வேலை அப்படி. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"மேல் வரிசை ஆடுது மாப்ள. கீழே நின்னு பார்த்தாலே தெரியுது. சுத்திக் கயிறு கட்டிட்டு, ஏணி போட்டு அடியிலேருந்து முறுக்கிடறேன். மத்தியானத்துக்குள்ள பழையபடி ஆயிடும்."

அதுதான் ஐயா பிரச்சினை. மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும். மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லி நான் கூப்பிட்டிருந்ததால் பொறியாளர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. என் நாலு வருஷத்தை ஒரு மனிதர் அரை நாளில் முறுக்கி மூடிவிடுவார்.

"எந்த இடம்னு தெரியாம எதை முறுக்குவீங்க? மேல ஏறிப் பாருங்க மச்சான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு முதலில் தன் சின்ன அறைக்குப் போனார். ஒரு நிமிஷம் கழித்துக் காதில் பேனாவோடு வெளியே வந்து படியேறினார். நான் தேநீர் டம்ளரோடு ஜன்னலில் நின்றேன். மேல் வரிசையில் ஐந்து எட்டு வைத்தார். ஆறாவது எட்டில் வரிசை அவரோடு கீழே வந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

சான்றிதழ் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. அரங்குக்கு மச்சான் பெயரை வைக்கச் சொன்னது நான்தான், நிறுவனத்தார் கண் கலங்கி ஒப்புக்கொண்டார்கள். அவர் மகளுக்கு நுழைவுச் சீட்டுக் கவுண்டரில் வேலை வாங்கிக் கொடுத்தேன். திறப்பு விழாவில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்கு நீங்க செஞ்சதை யாரும் செய்ய மாட்டாங்க" என்று அழுதாள். உண்மைதானே. இன்று அங்கே மூவாயிரம் பிள்ளைகள் நனையாமல் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். நீங்களும் ஒருநாள் குடும்பத்தோடு வர வேண்டும்.

அரசின் கடைசித் தவணைக்கு நான்தான் கோப்பு தயாரித்தேன். இணைக்க வேண்டிய ஆவணங்களில் ஒன்பதாவது, பழைய கட்டடத்தின் பராமரிப்புப் பதிவேடு, அசல். நானே உறையில் போட்டு, நானே கையெழுத்திட்டு அனுப்பினேன். என் கோப்பில் ஒரு தாள் குறைந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைத் திறந்து படிக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. உங்கள் ஆள் ஒருவர் படித்திருக்கிறார், பாராட்டுகிறேன்.

கடைசிப் பக்கத்தை நீங்கள் காட்டித்தான் இன்று முதன்முதலாகப் பார்க்கிறேன். 'திங்கள், காலை 9.40. மேல் வரிசை ஆடுகிறது. கயிறு கட்டலாம் என்றேன். மாப்பிள்ளை ஏறிப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.'

எவ்வளவு அழகான கையெழுத்து, பார்த்தீர்களா. விசாரணை முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தர முடியுமா ஐயா? கண்ணாடி போட்டு அரங்கு வாசலில் மாட்டலாம். என்னைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாக வேறு யாரும் எழுதியதில்லை.